கந்தையா அண்ணையின் நிறைந்த டாங்கி

எங்கள் ஊர் வயல்காரர்களின் கமக்காரர் சங்கத்துக்கு வெயிலில் ஓடும் பம்ப் ஒன்று வந்திருக்கிறது. போய்ப் பார்த்தேன். நல்ல சாமான். புகை இல்லை, சத்தம் இல்லை, இழுக்கக் கயிறு இல்லை. சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வருகிறது.

இப்போது ஸ்டோரைப் பார்க்கும் தயாளன் சுவரைக் காட்டிக் கேட்டார்.

"ராசண்ணை, மெஷின் ஸ்டோருக்குள்ள ஏன் சுளகு தொங்குது? இஞ்ச ஆர் அரிசி புடைச்சது?"

"மங்கையக்கா."

"அரிசியோ?"

"காபரேற்றர்."

அவர் சிரித்தார். நான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் தேத்தண்ணி வந்தது, ஆட்கள் வந்தார்கள், கதை நின்றுவிட்டது. மிச்சத்தைச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார். எழுதுகிறேன்.

என் அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். நான் இங்கே பிறந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. சைக்கிள் கடையில் வேலை பழகினேன். பிறகு உழவு மெஷின் கராஜ். பிறகு இடம்பெயர்ந்தது, பிறகு திரும்பி வந்தது. அது எல்லாரிடமும் உள்ள கதை. திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த காலத்தில் சங்கம் என்னை ஸ்டோருக்கு எடுத்தது. போன வருடம் வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.

ஸ்டோரில் நாலு தண்ணீர் பம்ப், மருந்தடிக்கும் மெஷின் இரண்டு, புல்லு வெட்டும் மெஷின் ஒன்று, ஒரு ஜெனரேற்றர். எல்லாம் பெற்றோலில் ஓடுகிற சின்ன மெஷின்கள். குளத்துத் தண்ணீர் கடைசி வயலுக்கு வராத நாட்களில் பம்புக்கு அடிபாடு. மழை பெய்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வருடத்தில் சில கிழமை வேலை, மிச்சம் நித்திரை.

ஒவ்வொரு நாளும் ஓடுகிற மெஷினுக்கு நோய் வருத்தம் குறைவு. படுத்துக்கிடக்கிற மெஷினுக்குத்தான் வருத்தம். அதைச் சொல்லித் தந்தது மங்கையக்கா.

மங்கையக்கா ஸ்டோருக்குப் பொறுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்கால் காணியில் குடியேறிய குடும்பம். என்னைவிட வயதில் கொஞ்சம் மூத்தவர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். கதிரையில் இருந்து வேலை செய்ய மாட்டார். சோடாப் பெட்டியைக் கவிழ்த்து அதில்தான் இருப்பார். மெஷின் வந்தால் உடனே கை வைக்க மாட்டார். முதலில் கேள்வி. எப்ப கடைசியா ஓடினது? என்ன ஊத்தினது? ஊத்தி எவ்வளவு காலம்? பதில் வரும்வரை ஸ்பானர் பெட்டி திறக்காது.

பிறகு டாங்கியிலிருந்து கொஞ்சம் பெற்றோலை வெள்ளைப் போத்தலில் எடுப்பார். வெயிலுக்குப் பிடித்து நிறம் பார்ப்பார். போத்தல் வாயில் மூக்கை வைக்க மாட்டார், மூடியைத்தான் மணப்பார். புதுப் பெற்றோல் மூக்கில் குத்தும். பழசு, பெயின்ற் பூசிக் காயாத கதவு மாதிரி மணக்கும். அதற்குப் பிறகும் சந்தேகம் என்றால் புறங்கையில் ஒரு சொட்டு. புதுசு சில்லென்று குளிர்ந்து பறந்துவிடும். பழசு குளிராது, ஒட்டும்.

கழற்றுகிற சாமான் எல்லாம் சுளகில். வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய ஒழுங்கில் இடமிருந்து வலமாக. சுளகுக்கு மூன்று பக்கம் விளிம்பு இருக்கிறது, ஒன்றும் உருளாது. தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கும் போகலாம். அவ்வளவுதான் காரணம்.

வாசலில் மண் நிரப்பிய பால்மா டின் ஒன்று. சுருட்டு, பீடி எல்லாவற்றையும் அதில் குத்திவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். திரும்பிப் போகும்போது எது யாருடைய சுருட்டு என்று சண்டை வரும். "நீளமானது என்ர" என்று எல்லாரும் சொல்வார்கள்.

நான் சேர்ந்த முதல் கோடையில் நாலு பம்பில் மூன்றுக்கு உயிர் வரவில்லை. கயிறு இழுத்து என் தோள் வீங்கியது. மங்கையக்கா காபரேற்றரின் கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார். பெற்றோல் நின்ற இடத்தில் மண்ணிறப் பசை. போன போகத்தில் மிஞ்சிய பெற்றோல். பறக்கிற பங்கு பறந்துபோக, பறக்காதது பசையாகி ஓட்டையை அடைத்துவிட்டது.

அந்த வருடம் தொட்டு ஸ்டோரில் ஒரு வழக்கம் வந்தது. அறுவடை முடிந்த பிறகு ஒரு நாள் வடிப்பு நாள். சங்கத்து மெஷின் மட்டுமில்லை, விரும்பினால் வீட்டு மெஷினையும் கொண்டுவரலாம். முதலில் டாங்கியை வடிப்போம். பிறகு ஸ்டார்ட் பண்ணி, தானாக நிற்கும்வரை ஓடவிடுவோம். நின்றாலும் கிண்ணத்தில் ஒரு கரண்டியளவு மிஞ்சும். அதுதான் கள்ளன். கீழே உள்ள ஆணியைத் திருப்பி அதையும் விழுத்துவோம். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில். கயிற்றை மெதுவாக இரண்டு தரம் இழுத்தால் ஒயில் எல்லா இடமும் பூசும். பிளக்கைப் பூட்டி, கயிறு இறுகுகிற இடத்தில் நிறுத்திவிடுவோம். அப்படி நின்றால் காற்று போகிற வாசலும் புகை வருகிற வாசலும் மூடி இருக்கும், உள்ளே ஈரம் போகாது. கடைசியில் புகைக் குழாய்க்குத் துணி. இல்லாவிட்டால் குளவி மண் வைத்துக் கூடு கட்டிவிடும். இங்கே குளவிக்கு மெஷின் என்றால் வலு விருப்பம்.

வேலை சின்னது. ஆட்களைச் சம்மதிக்க வைக்கிறதுதான் பெரிது. எங்கள் ஆட்களுக்கு வெறும் டாங்கியைக் கண்டால் பயம். யுத்தத்தில் பெற்றோல் தடைப்பட்டு, போத்தலில், கரண்டியில் அளந்து விற்ற காலத்தைக் கண்டவர்கள். மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓடியவர்கள். டாங்கி நிறைய இருந்தால்தான் வீட்டில் நித்திரை வரும். ஒரு நெருக்கடி என்றால் உடனே ஓடலாம் என்ற நினைப்பு. நிறைய இருக்கிறதாலேயே அது ஓடாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கந்தையா அண்ணை நம்பவில்லை.

கந்தையா அண்ணைக்கு வாய்க்காலின் கடைசியில் இரண்டு ஏக்கர் வயல். சொந்தமாகப் பம்ப் வைத்திருந்தார். வடிப்பு நாளுக்கு ஒரு தரமும் கொண்டுவரவில்லை. "என்ர மெஷின் எப்பவும் றெடி" என்பார்.

பெற்றோலுக்கு எல்லாரும் வரிசையில் நின்ற அந்த வருடம், சிறுபோகம், கோடை விதைப்பு. குளம் வற்றி, கடைசி வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் வராமல் போய்விட்டது. நெல்லு குடலை. கதிர் வயிற்றுக்குள் இருக்கிற பருவம். அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் சப்பையாகத்தான் வரும். முந்தின போகத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இந்த நெல்லில்தான் அவர்களுக்குச் சாப்பாடும் அடுத்த போகத்து விதைநெல்லும். வயலுக்குப் பக்கத்துக் கழிவு வாய்க்காலில் தண்ணீர் தேங்கி நின்றது. இறைத்து ஏற்றினால் காணும், அது போதும். சங்கத்துப் பம்ப் நாலும் வேறு ஆட்களிடம். கந்தையா அண்ணை பெயர் கொடுக்கவில்லை. சொந்தப் பம்ப் இருக்கிறதே.

ஒரு நாள் காலமை லான்ட் மாஸ்டர் என்ற கை உழவு மெஷினின் பெட்டியில் பம்பைக் கொண்டுவந்து இறக்கினார். வைக்கோல் பரப்பி, படுக்கை விரிப்பால் சுற்றி, பிள்ளையைக் கொண்டுவருகிறது மாதிரி. பக்கத்தில் அவர் மனைவி பரமேஸ் அக்கா.

"அக்கா, மெஷின் புதுசு. ஒரு வேலையும் வாங்கேல்ல. ஆனா ஸ்டார்ட் வருகுதில்லை" என்றார்.

மங்கையக்கா வாசல் டின்னைக் காட்டினார். சுருட்டைக் குத்திவிட்டு வந்தார்.

"எப்ப கடைசியா ஓடினது?"

"வாங்கின அண்டைக்குக் கடைக்காரன் ஓட்டிக் காட்டினவன்."

"பிறகு?"

"பிறகு ஏன் ஓட்டுறது? போன வருசம் வாய்க்கால்ல தண்ணி வந்தது, பிறகு வெள்ளமெல்லோ வந்தது."

"டாங்கி?"

"வாய் மட்டத்துக்கு. ஒரு சொட்டு குறைய விடேல்ல." அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

மங்கையக்கா ஒரு சொட்டைத் தன் புறங்கையில் விட்டார். இன்னொரு சொட்டை அவர் கையில் விட்டார்.

"குளிருதோ அண்ணை?"

"இல்லை."

"தேச்சுப் பாருங்கோ."

தேய்த்தார். முகம் மாறியது. "ஒட்டுது."

"எனக்கு விட வேண்டாம்" என்றார் பரமேஸ் அக்கா. "நான் இந்த மணத்தோட ரெண்டு வருசம் படுத்தெழும்பினனான். கட்டிலுக்குக் கீழதானே வைச்சிருந்தவர். எனக்குக் குளிருது எண்டாலும் இந்த மனுசன் விரிப்பை உருவி மெஷினுக்குத்தான் போர்க்கும்."

மங்கையக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"கட்டிலுக்குக் கீழயோ? சாமி விளக்கு எங்க?"

"அதே அறைதான்."

"உங்கள் ரெண்டு பேரையும் இவ்வளவு நாளும் சாமிதான் காவல் காத்திருக்கு. இனிச் சாமிக்கு அந்த வேலையைக் குடுக்காதேங்கோ."

வேலை தொடங்கியது. கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே பனங்கட்டிப் பாகு மாதிரி. மிதவை அதற்குள் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. நடுவில் உள்ள ஜெட்டைக் கழற்றினோம். நெல்மணியளவு பித்தளை, நடுவில் ஊசிமுனை ஓட்டை. அந்த ஓட்டையால்தான் பெற்றோல் எஞ்சினுக்குப் போகவேண்டும். மங்கையக்கா அதை வெயிலுக்குப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை.

நான் வயர் கம்பி ஒன்றை எடுத்தேன்.

"வை ராசு. கம்பி ஓட்டையைப் பெருப்பிக்கும். பெருத்தா நாளைக்குக் குடிகாரன் மாதிரிக் குடிக்கும். தங்கூசியை எடு."

தங்கூசி, தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் நூல். முல்லைத்தீவுக் கடற்கரையில் வாங்கினது. நுனியைச் சரிவாக வெட்டி ஓட்டைக்குள் விடவேண்டும். பசையைத் தள்ளும், பித்தளையைச் சுரண்டாது. ஊறவைத்து, குத்தி, சைக்கிள் பம்பால் ஊதி, வெயிலுக்குப் பிடித்து, திரும்ப ஊறவைத்து. அப்படியே மத்தியானம் ஆகிவிட்டது. பரமேஸ் அக்கா சோறு கொண்டுவந்திருந்தார். எங்களுக்கும் தந்தார். கடைசியில் மங்கையக்கா ஜெட்டை என்னிடம் தந்தார். பார்த்தேன். பொட்டு வெளிச்சம்.

ஸ்டோரில் நல்ல பெற்றோல் ஒரு போத்தல்தான் இருந்தது. மிஞ்சினதை வைத்திருக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அந்த வருடம் பெற்றோல் நிலையத்தில் கானுக்கு அடிக்கவும் மாட்டார்கள், வாகனத்துக்கு மட்டும்தான். அந்தப் போத்தலில் கொஞ்சத்தால் டாங்கியை அலசினோம். அலசல் காணாது என்று எங்களுக்குத் தெரியும். வேறு வழியில்லை. மிச்சத்தை ஊற்றிக் கயிறு இழுத்தேன். இருமியது. திரும்ப இழுத்தேன். பிடித்துக்கொண்டது.

கந்தையா அண்ணை கைதட்டினார். வடித்த பழைய பெற்றோலைக் கானோடு கேட்டார். மங்கையக்கா கொடுத்தார்.

"குப்பை கொளுத்தவும் பாவிக்காதேங்கோ, முகத்தில அடிக்கும். மெஷினுக்கு ஊத்தவே கூடாது."

"ஓம் ஓம்" என்றார். டின்னிலிருந்து நீளமான சுருட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலமை பரமேஸ் அக்கா சைக்கிளில் வந்தார். இறங்க முன்னமே சொன்னார்: "நிண்டிட்டுது. ஒரு மூலைக்குத்தான் தண்ணி போனது."

மங்கையக்கா தன் மோட்டச்சைக்கிளை எடுத்தார். நான் சுளகையும் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.

வயல் நிலம் வெடித்திருந்தது. உச்சி வெயில் வர முன்னமே பயிரின் இலை சுருண்டிருந்தது. கந்தையா அண்ணை வரம்பில் குந்தியிருந்தார். எங்களைக் கண்டு எழும்பவில்லை. பக்கத்தில் அந்தக் கான். வெறுமையாக.

மங்கையக்கா கானைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"ஊத்தினனீங்களோ?"

"வடிச்சிட்டுத்தான் ஊத்தினனான். வேட்டியை நாலா மடிச்சு வடிச்சனான். கண்ணாடி மாதிரி இருந்தது."

"அழுக்குப் போகும் அண்ணை. வயசு போகாது."

"டாங்கி இறங்கிக்கொண்டு போச்சு அக்கா. பாத்துக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சு."

பிறகு பரமேஸ் அக்கா சொன்னார். பெற்றோல் இல்லாத அந்த யுத்த காலத்தில் அவர்களின் மூத்த மகளுக்குக் கடும் காய்ச்சல். பக்கத்து வீட்டில் வாகனம் நின்றது. டாங்கியில் ஒன்றும் இல்லை. கந்தையா அண்ணை மகளைச் சைக்கிள் பாரில் வைத்து ஆசுபத்திரி வரைக்கும் மிதித்தார். மகள் தப்பினாள். இப்போது வவுனியாவில் ரீச்சர்.

"மகள் மறந்திட்டாள்" என்றார் பரமேஸ் அக்கா. "இவர் இன்னும் மிதிச்சுக்கொண்டுதான் இருக்கிறார்."

மங்கையக்கா மோட்டச்சைக்கிளிடம் போனார். டாங்கிக்குக் கீழே இருக்கிற இறப்பர் குழாயை உருவிப் போத்தலில் விட்டார். முந்தாநாள் வரிசையில் நின்று அடித்த பெற்றோல். இன்னும் மூக்கில் குத்தியது.

கந்தையா அண்ணை எழும்பிவிட்டார். "அக்கா, வேண்டாம். நீங்கள் வீட்ட எப்பிடிப் போறது?"

"கால் இருக்கு. நெல்லுக்கு இல்லை. ராசு, கழற்று."

வரம்பில் வைத்துக் கழற்றினோம். காற்று. பரமேஸ் அக்கா சப்பாணி கட்டி இருந்து சுளகை மடியில் ஏந்தினார். பழைய பெற்றோல் டாங்கியில் ஒட்டியிருந்த பசையை இளக்கிக் கொண்டுவந்திருந்தது. ஜெட் திரும்ப அடைத்துவிட்டது. டாங்கியையும் கழற்றினேன். நல்ல பெற்றோலில் கொஞ்சம் விட்டு, கழுவிக் காயவைத்த சின்னக் கற்களைப் போட்டுக் குலுக்கினேன். கறுப்பாக வந்தது. இன்னொரு தரம். வெளுத்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெற்றோல் குறைந்தது. கந்தையா அண்ணை வேறு பக்கம் திரும்பி நின்றார்.

தங்கூசி. ஊதல். வெயிலுக்குப் பிடித்தல். மங்கையக்கா பார்த்து, எனக்குத் தந்து, நான் பார்த்து, பரமேஸ் அக்காவுக்குக் காட்டினேன்.

"தெரியுது" என்றார். "என்ர மூக்குத்தி ஓட்டையை விடச் சின்னன்."

பூட்டினேன். முதல் இழுவை, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மங்கையக்கா கையால் பொறு என்று காட்டினார். கிண்ணம் நிறையட்டும் என்று. பொறுத்தேன். மூன்றாவது இழுவையில் பிடித்தது. தட்டையாகக் கிடந்த ஹோஸ் பைப் வரம்பு வழியே பாம்பு மாதிரிப் பருத்துக்கொண்டு போனது. நுனியில் முதலில் காற்று, பிறகு சேறு, பிறகு தண்ணீர். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்டது. அல்லது கேட்ட மாதிரி இருந்தது.

மங்கையக்கா கந்தையா அண்ணையின் தோளைத் தட்டினார். "இனி டாங்கியைப் பாக்காதேங்கோ. வயலைப் பாருங்கோ."

அவர் வயலைப் பார்த்தார். இடைக்கிடை டாங்கியையும் பார்த்தார்.

பின்னேரத்துக்குள் பாதி வயல் நனைந்தது. மற்றப் பாதிக்கு அடுத்த நாள் என் மோட்டச்சைக்கிளிலிருந்து வடித்தேன். அந்தக் கிழமை மங்கையக்கா நடந்து வந்தார், நான் சைக்கிளில் வந்தேன். பிறகு ஒரு மழையும் தூறியது. குடலை வெடித்துக் கதிர் வந்தது. பெரிய விளைச்சல் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுக்கும் விதைக்கும் கண்டது. புது அரிசி ஒரு பை ஸ்டோருக்கும் வந்தது. சுளகு அன்றைக்கு ஒரு நாள் உண்மையிலேயே அரிசி புடைத்தது.

மங்கையக்கா ஒரு நாள் என்னிடம் சொன்னார்:

"கந்தையா அண்ணையின்ர பயத்தை முழுப் பிழை எண்டும் சொல்லேலாது ராசு. அண்டைக்கு எங்கட ஸ்டோரிலயும் ஒண்டும் இருக்கேல்லயே."

வரிசை முடிந்து கானுக்கு அடிக்க விட்ட பிறகு வழக்கத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஒரு கான் பெற்றோல் எப்போதும் ஸ்டோரில் இருக்கும். இறுக்க மூடி, நிழலில், தனியாக. மாதம் முடிய அதை எங்கள் மோட்டச்சைக்கிள்களுக்கு ஊற்றிவிட்டுப் புதுசு அடிப்போம். மெஷின் வெறுமையாகப் படுக்கும். பெற்றோல் ஓடுகிற வண்டி வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். பழசாக அதற்கு நேரம் கிடையாது. நான் வேலையை விடும்வரை அப்படித்தான். மங்கையக்கா பின்னாளில் மாற்றலாகிக் கிளிநொச்சிக்குப் போய்விட்டார். அங்கேயும் அப்படித்தானாம்.

அந்த வருட வடிப்பு நாளுக்குக் கந்தையா அண்ணை முதல் ஆளாக வந்தார். டாங்கியை வடித்தோம். மெஷினை ஓடவிட்டோம். சத்தம் மெலிந்து, விக்கி, நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கிண்ணத்து ஆணியைத் தானே திருப்பினார். பிறகு வடித்த பெற்றோல் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"இதை நான் எங்க வைக்கிறது?"

"ஓடுற வண்டியில" என்றார் மங்கையக்கா.

"என்னட்ட லான்ட் மாஸ்டர்தானே. அது டீசல்."

"அப்ப ஆருக்கும் குடுங்கோ."

அந்த யோசனை அவருக்குப் பிடிக்கவில்லை.

சில கிழமை கழித்து ஒரு ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். பழசு. சிவப்பு நிறம். வேர்த்து ஒழுகியது.

"பழுதோ அண்ணை?" என்று கேட்டேன்.

"நல்லா ஓடும்."

"அப்ப ஏன் உருட்டுறியள்?"

"எனக்கு ஓடத் தெரியாது. பெற்றோல் வைக்கத்தான் வாங்கினனான்."

பெற்றோல் வைக்கவென்று வண்டி வாங்கிய ஆளை நான் வேறு கண்டதில்லை. ஓடாவிட்டால் அதுவும் பசையாகும் என்று மங்கையக்கா விளங்கப்படுத்தினார். கந்தையா அண்ணை பழகப் பார்த்தார். இரண்டு தரம் வாய்க்காலுக்குள் போனார். பிறகு பரமேஸ் அக்கா ஸ்கூட்டித் திறப்பைத் தன் கையில் வாங்கினார். பள்ளிக்கூட மைதானத்தில் மங்கையக்கா பின்னால் இருந்து பழக்கினார். ஒரு கிழமையில் பரமேஸ் அக்கா றோட்டுக்கு வந்துவிட்டார்.

அதோடு கந்தையா அண்ணையின் நித்திரை திரும்பப் போய்விட்டது. பரமேஸ் அக்கா கத்தரிக்காயை ஸ்கூட்டியில் கட்டிப் புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போகிறார். திங்கட்கிழமை என்றால் வற்றாப்பளைக் கோயில். மகள் வந்தால் பஸ் நிலையம். கடைக்கு உப்பு வாங்கவும் அதுதான். டாங்கி ஒரு நாளும் பாதிக்கு மேலே ஏறியதில்லை.

போன கிழமை சங்கத்தடியில் நின்றேன். இருவரும் வந்தார்கள். பரமேஸ் அக்கா ஓட்ட, கந்தையா அண்ணை பின்னால் இருந்து கழுத்தை நீட்டி, அவர் தோளுக்கு மேலால் முன்னுக்குப் பெற்றோல் முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் கை காட்டினேன். அவர் காணவில்லை. பரமேஸ் அக்கா கண்டு நிறுத்தினார்.

"ராசு, இவருக்கு ஒருக்காச் சொல்லு. நாடியால என்ர தோளை இடிக்கிறார். பேசாம றோட்டைப் பாத்துக்கொண்டு வரச் சொல்லு."

கந்தையா அண்ணை தலையைத் தூக்கவில்லை.

"றோட்டு எங்கயும் போகாது. நீ முள்ளைப் பாத்து ஓடு."